சத்தமில்லாமல் விழுங்கு

அண்ணி செத்துப் பதினோரு நாளாகிவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய போனின் பெயருக்கு எதிரே இருந்த எண் மட்டும் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

படிக்கட்டுக்கு அடியில், செருப்புகளுக்கு நடுவே, தூசி மண்டிப் போய் முனகிக்கொண்டிருந்தது அந்தப் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர். வீட்டின் ஒரே இன்டர்நெட் இணைப்பு அதற்குள் நுழைந்துதான் கீழ்வீட்டுக்கும் மாடிக்கும் பிரியும். திறப்பதும் அடைப்பதும் கீழ்வீட்டில் இருந்த அவள் கொழுந்தன் கையில். மாடியில் செல்போன் சிக்னல் கிடைக்காது; அண்ணி யாரைக் கூப்பிட்டாலும் இன்டர்நெட் வழியாகத்தான். அண்ணன் இறந்த பிறகும் மாடியைக் காலி செய்ய மாட்டேன் என்று அண்ணி அடம்பிடித்தாள். அவன் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி எழுதினான்: அவள் போனிலிருந்து எது வந்தாலும் வெளியே விடாதே.

அதற்கு இரண்டு வழி உண்டு. மறுத்துவிடு என்று எழுதினால் போனுக்கு உடனே தெரிந்துவிடும். விழுங்கிவிடு என்று எழுதினால் பதிலே போகாது; போன் பாட்டுக்கு முயன்றுகொண்டே இருக்கும். விழுங்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் அந்த வரிக்கு எதிரே எண் ஒன்று கூடும். கிழவி காத்துக் கிடக்கட்டும் என்று இரண்டாவதைத்தான் எழுதினான். அதில் அவனுக்கு ஒரு குஷி.

அவன் மனைவி ஊருக்குப் போயிருந்த நேரம், அண்ணி குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். இரண்டு நாள் போனில் மகளை அழைத்தபடியே கிடந்தாள். தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. அவன் டிவி ஒலியைக் கூட்டினான். பிறகு அந்தப் போனைச் சுத்தியலால் நொறுக்கியதும் அவனேதான்.

இன்று அந்த மகள் வருகிறாள். கம்ப்யூட்டர் வேலையில் ஊறியவள். காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள்:

"அம்மா ஏன் கூப்பிடலன்னு எனக்குத் தெரியணும் சித்தப்பா. அந்த மெஷினைத் தொடாதீங்க."

அவன் மண்டியிட்டு வரியை அழித்தான். மறுபடி பட்டியலைப் பார்த்தான். வரி அங்கேயே இருந்தது. எதிரே எண் மட்டும் பூஜ்யமாகியிருந்தது.

மாடியில் எதுவோ இழுபட்டது. ஈரச் சோப்பு வாசனை படியிறங்கி வந்தது. எழப் பார்த்தான், இடுப்பில் படீரென்று ஏதோ முறிந்தது. செருப்புகள் மேல் குப்புற விழுந்தான்.

"ஏய்! இங்க வாயேன்!"

ஆறடி தூரத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. திரையில் எண் ஒன்றானது.

"ஏய்!"

இரண்டு.

கத்தினான். மூன்று, நான்கு, ஐந்து. அவள் ஒரு துண்டை உதறி மடித்து வைத்தாள்.

வாசல் கதவு திறந்தது. மகள் செருப்பைக் கழற்றி அவன் முகத்துக்கு எதிரே விட்டாள்.

"சித்தப்பா எங்க சித்தி?"

"இங்கதான் இருந்தாரு. எங்க போனாரோ தெரியலம்மா."

மகள் குனிந்து, அவனைத் தாண்டித் திரையைப் பார்த்தாள். "ஏறிட்டே இருக்கே. யாரோ விடாம கூப்பிட்டுட்டு இருக்காங்க."

"அது கெடக்கட்டும். முதல்ல முகம் கழுவிட்டு வா."

இருவரும் உள்ளே போனார்கள். யாரோ டிவி ஒலியைக் கூட்டினார்கள்.

நாற்பது. நாற்பத்தொன்று.

மேல்படியில் ஓர் ஈரக் கை பதிந்தது. அடுத்த படியில் இன்னொன்று. அவசரமே இல்லாமல்.