காயாத கோடு

மரத்தில் கை வைத்தான். மஞ்சள் பெயிண்ட் விரலில் ஒட்டியது.

ஒட்டக் கூடாது. அந்தச் சின்ன மலையைச் சுற்றி ஏறி இறங்குகிற வட்டப் பாதையில், நடக்க வருகிறவர்கள் வழி தவறாதபடி மரத்துக்கு மரம் நெஞ்சு உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு இழுப்பது அவர்கள் வேலை. அடிவாரக் கேட்டிலிருந்து அவன் இடப்பக்கமாகவும், மனைவியின் தம்பி வலப்பக்கமாகவும் அடித்துக்கொண்டே ஏறுவார்கள். உச்சியில் சந்தித்து, ஒருவன் அடித்த வழியில் மற்றவன் சரிபார்த்தபடி இறங்குவான். மச்சினன் கீழிருந்து அடித்து வந்தவன். அப்படியென்றால் இறங்க இறங்கக் கோடு காய்ந்திருக்க வேண்டும். உச்சிக்குப் பக்கத்தில் பிசுபிசுத்தது. இங்கே சொட்டியது.

'எவ்வளவு தின்னரை ஊத்தித் தொலைச்சானோ' என்று நினைத்துக்கொண்டான்.

சற்று முன்புதான் உச்சிப் பாறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மச்சினன் கேட்டான்.

"மாமா, கேட்டு மரத்துல நான் ஏறும்போதே கோடு இருந்துச்சே. நீங்களா?"

"ஆமா. இறங்கி வந்து மறுபடி டின்னைத் திறந்து குனியணுமா? முட்டி விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது."

"அந்த மரம் கடைசியிலதானே. ஆளுங்க எல்லாம் வெளிய வந்தப்புறம்தான் வட்டத்தை மூடணும்னு மேஸ்திரி படிச்சுப் படிச்சுச் சொன்னாரே."

"அவருக்கென்ன, சேர்ல உக்காந்துக்கிட்டுச் சொல்லுவாரு. முட்டி என்னோடதுல்ல."

"இருங்க, அக்காகிட்ட சொல்றேன். முட்டி பேச்சைக் கேட்டு வேலை பாக்குறீங்கன்னு."

"சொல்லு. உங்க அக்கா முட்டிக்கும் சேர்த்து அர்ச்சனை பண்ணுவா."

அவள் கீழே வேனில் காத்திருந்தாள். மலையிலிருந்து விழுந்து அப்பா போனபின், மிச்சமிருந்த ஒரே தம்பியை இந்த வேலைக்கு அனுப்ப அவளுக்கு மனமே இல்லை. 'அவனை விட்டுட்டு நீங்க மட்டும் வந்து நிக்காதீங்க' என்றுதான் காலையில் அனுப்பினாள்.

அவன் நடந்தான். இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. பழுத்தது, சிவந்தது, காய்ந்து சுருண்டது என்று காலடியில் கணுக்கால் வரை குவிந்து, மிதிக்கும்போதெல்லாம் அப்பளம் நொறுங்குகிற சத்தமும் மக்கிய ஈர வாடையும் எழுந்தன. அந்த வாடைக்கு மேலே பெயிண்ட் நெடி போகப் போக மூக்கை அடைத்தது. குருவிச் சத்தம் இல்லை. மரங்களுக்கிடையே சாய்ந்து விழுந்த செப்புநிற வெயில் வெகுநேரமாக அதே இடத்தில் கிடந்தது. முன்னால், வளைவுக்கு அப்பால், பட்டையில் பிரஷ் உரசுகிற சத்தம். சர்ர். சற்று நிறுத்தி, மறுபடி சர்ர்.

வேகமாக எட்டி நடந்தான். வளைவில் யாரும் இல்லை. கோடு மட்டும் பளபளத்தது.

கீழ்நோக்கிப் போன பாதை மேலேறியது. ஏறினான். உச்சிப் பாறை வந்தது. மச்சினன் கொட்டிவிட்டுப் போன டீ மண்டி பாறைமேல் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"மாப்ள..." என்று கத்தினான்.

"வந்துட்டேன் மாமா," என்றது குரல், கீழிருந்து.

மறுபடி இறங்கினான். இந்த முறை மரங்களூடே வேனின் கூரை தெரிந்தது. பாதையை விட்டு விலகி, இலைச் சரிவில் உட்கார்ந்தும் சறுக்கியும் நேராக இறங்கினான். முள் கிழித்தது. சட்டை நனைந்தது. சரிவு முடிந்த இடத்தில் பாதை. பக்கத்து மரத்தில் மஞ்சள் கோடு, வேர் வரை வழிந்திருந்தது.

ஓடினான்.

அப்போது அந்த மரத்தைப் பார்த்தான். கோடு இல்லாத மரம். கேட்டு மரமில்லை, எப்படியோ விட்டுப்போன ஒன்று. பாதையிலேயே அது ஒன்றுதான் வெறுமரம். அதற்கு அந்தப் பக்கம் இலை இல்லை, புல். புல்லுக்கு அப்பால் ரோடு. வேனில் சாய்ந்து நின்று, கையை நெற்றிக்குக் குடையாக வைத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் மனைவி. கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

ஒரு காலைப் புல்லில் வைத்தான்.

"மாமா. என்னை விட்டுட்டுப் போறீங்களா?"

பின்னாலிருந்து. பக்கத்திலிருந்துதான்.

அவள் இன்னும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மட்டும் போய் நின்றால் அவள் முதலில் அவன் முகத்தைப் பார்க்க மாட்டாள், அவனுக்குப் பின்னால் பார்ப்பாள்.

காலை உள்ளே எடுத்தான். திரும்பினான்.

மச்சினன் மரங்களோடு மரமாக, பாதையோரத்தில், வரிசை பிசகாமல் நின்றிருந்தான். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. கணுக்கால் வரை இலை. தோளில் இலை. தலையில் இலை. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. நெஞ்சில் குறுக்காக ஒரு மஞ்சள் கோடு.

"வா மாப்ள. வா, போலாம்." தோளைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. சட்டைக்குள் கை பட்ட இடம் சொரசொரவென்று, பட்டைபோல் இருந்தது.

"வந்துட்டேன் மாமா," என்றது குரல்.

மச்சினனின் உதடு அசையவில்லை.

திரும்பி அந்த வெறுமரத்தைத் தேடினான். எல்லா மரத்திலும் கோடு. புல் இல்லை. ரோடு இல்லை. ஓடக் காலைத் தூக்கினான். தூக்க முடியவில்லை. குனிந்து பார்த்தான். கணுக்கால் வரை இலை.

சர்ர்.

நெஞ்சில் சில்லென்று ஈரம் பட்டது. இடப்பக்கத்தில் தொடங்கி, அவசரமே இல்லாமல், வலப்பக்கம் நோக்கி நகர்ந்தது.