ஏமாற்றும் எண்ணெய்

புதினா வாசனை வந்தால் போதும், அப்பாவின் காக்கிச் சட்டையும் எங்கள் சின்ன வீடும் இன்றும் என் கண்முன் வந்துவிடும்.

அப்பா பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து தலைவலியோடு வருவார். "வாலு, அந்த எண்ணெயை எடும்மா" என்பார். வாலு நான்தான்.

புதினா எண்ணெயைத் தொட்டு அவர் நெற்றியில் தடவுவேன்.

"ஆகா! ஐஸ் வெச்ச மாதிரி இருக்கு."

தொட்டுப் பார்ப்பேன். நெற்றி சூடாகத்தான் இருக்கும்.

"பொய் சொல்றீங்கப்பா!"

"நான் இல்ல, எண்ணெய்தான் பொய் சொல்லுது. குளிரைச் சொல்ற நரம்பை அது தட்டி எழுப்பிடுது. உடம்பும் நம்பி ஏமாந்துடுது. மருந்துக்கடைக்காரர் சொன்னாரு."

ஒருநாள் அப்பா வேலைக்குப் போயிருந்தார். கைக்குழந்தையான என் தம்பிக்குச் சளி. மூக்கு அடைத்துப் பால் குடிக்க முடியாமல் வீறிட்டு அழுதான். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து ஓய்ந்துபோனார்.

அப்போது சித்தப்பா வந்தார். தையற்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"இதுக்கா கலங்குறீங்க அண்ணி? மூக்குல ஒரு சொட்டு எண்ணெய் வெச்சா சட்டுனு திறந்துக்கும்" என்று குப்பியை எடுத்தார்.

எனக்குத் திக்கென்றது. ஒருமுறை அதை ஆழமாக முகர்ந்தபோது என் மூச்சே ஒரு கணம் நின்றுபோயிருந்தது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"வேண்டாம் சித்தப்பா! அது பெரியவங்க உடம்பையே ஏமாத்துது. தம்பி குட்டிப் பையன். அவன் மூச்சு நின்னுட்டா?"

"போடி, பெரிய டாக்டர்! நகரு."

"அப்ப முதல்ல நீங்க மூக்குல வெச்சுப் பாருங்க."

"இதென்ன பிரமாதம்?" என்று விரலில் தொட்டு மூக்கில் தடவிக்கொண்டார். அவ்வளவுதான். கண் பிதுங்கியது. பேச வாயைத் திறந்தார், "ஹக்... ஹக்..." என்று காற்றுதான் வந்தது. கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது.

அம்மா குப்பியைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே வைத்தார். "கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்."

டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "நல்லவேளை! இவ்ளோ சின்னக் குழந்தைக்கு அதை மூக்குகிட்டயே கொண்டுபோகக் கூடாது. மூச்சுக்குழாய் இறுகிப் போகலாம். யாரு தடுத்தது?"

சித்தப்பா சிவந்த மூக்கோடு என்னை முன்னால் தள்ளினார். "எங்க வாலுதான் சார்."

வீட்டுக்கு வந்து, டாக்டர் கொடுத்த உப்புநீர்ச் சொட்டைத் தம்பி மூக்கில் விட்டோம். சித்தப்பா குனிந்து பார்த்தார்.

"அச்ச்!"

தம்பி தும்மியதில் சித்தப்பாவின் புதுச் சட்டை முழுவதும் சளி.

"அய்யய்யோ, சட்டை!" என்றார் அம்மா.

"ஷ்ஷ்... சும்மா இருங்க அண்ணி" என்றார் சித்தப்பா. சட்டையைத் துடைக்கக்கூட இல்லை. தம்பி மடக் மடக்கென்று பால் குடிக்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.