கப்பலேறிய செம்மலின் செருப்பு

ஜெயபிரியா உள்ளே நுழைந்தபோது நாறும்பூநாதன் பழைய ரயில்வே கால அட்டவணையால் கொசு அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகம் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான் என்பது அவர் கருத்து. டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏதாவது காணாமல் போனால் போலீசுக்கு முன்னால் அவரிடம் வருவது தென்காசியில் சிலருக்கு வழக்கம். போலீஸ் ஸ்டேஷனில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். இங்கே காப்பியும் உண்டு.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமைக்குள்ள உண்மை தெரியலன்னா என் கல்யாணம் நின்னுரும்" என்றாள் ஜெயபிரியா.

காப்பி ஆற்றிக்கொண்டிருந்த சாம் நிமிர்ந்தான். பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்துபவன். நாற்பது வயதைத் தாண்டிவிட்டான். துப்பறியும் ஆசையை மட்டும் தாண்டவில்லை.

"எங்க வல்லிநாயகம் மாமாவத் தெரியும்லா?"

"தெரியாம இருக்க அவரு விட்டாத்தான?" என்றார் நாறும்பூநாதன்.

உண்மைதான். பெயின்ட் கடை வல்லிநாயகம் மனைவியோடு சொகுசுக் கப்பலில் ஏறி, இத்தாலியின் பழம்பெரும் துறைமுக நகரங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். பேருந்து நிலையத்திலிருந்து கோயில் வாசல் வரைக்கும் அவருடைய பேனர். தலையில் மாலுமித் தொப்பி, கையில் தொலைநோக்கி, காலில், இந்தப் பயணத்துக்கென்றே மதுரையில் சொல்லிச் செய்த, பித்தளை வளையம் பதித்த தோல் செருப்பு. கப்பலும் படத்தில் உண்டு. செருப்பைவிடக் கொஞ்சம் சின்னதாக. வரும் ஞாயிறு அவருக்குப் பாராட்டு விழா. 'கடல் கடந்த செம்மல்' என்று பட்டம். மண்டப வாடகை உட்பட எல்லாச் செலவும் செம்மலுடையது.

ஜெயபிரியா கதையைச் சொன்னாள். அவளுக்கும் கடையநல்லூரில் வாத்தியாராக இருக்கும் பாண்டியராஜுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கென்று வைத்திருந்த காசுமாலை, தாய்மாமன் வல்லிநாயகத்தின் வீட்டு பீரோவில் இருந்தது. புறப்படும் அன்று அவர் எல்லோரையும் தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் இருக்கும் தன் வீட்டுக்கு வரவழைத்தார். பீரோவைத் திறந்து மாலையைக் காட்டினார். பூட்டினார். 'மாப்பிள்ளைதான் இனி நம்ம வீட்டுக்குக் காவல்' என்று சொல்லிச் சாவிக்கொத்தைப் பாண்டியராஜ் கையில் கொடுத்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பாண்டியராஜின் பொறுப்பு. திரும்பி வந்து திறந்தால் மாலை இல்லை. பூட்டு உடையவில்லை.

"இன்னொரு சாவி?" என்றார் நாறும்பூநாதன்.

"மாமாகிட்ட இருந்துச்சு. கப்பல்ல. அதனாலதான் எல்லாரும் சாவி வாங்குன அவங்களச் சந்தேகப்படுதாவ. 'போலீசுக்குப் போனா குடும்ப மானம் போயிரும், கல்யாணத்த நிப்பாட்டுனாப் போதும்'னு மாமா சொல்லுதாவ. அம்மாவும் அண்ணன் சொன்னாச் சரிங்கா. ஞாயித்துக்கிழமை விழா முடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி விடப்போறாவ."

"பாண்டியராஜ் என்ன சொல்லுதான்?"

"எடுக்கலன்னு ஒரு தடவ சொன்னாவ. ரெண்டாவது தடவ கேக்கவங்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன்னுட்டாவ."

"வாத்தியார்தான்" என்றார் நாறும்பூநாதன், பாராட்டாக. "மாமா கப்பல்லருந்து படம் அனுப்புனாரா?"

குடும்ப வாட்ஸ்அப் குழுவை அவள் திறந்து காட்டினாள். வெனிஸ் நகரக் கால்வாய். பாரி துறைமுகத்தில் பழைய கோட்டை. நேப்பிள்ஸில் எரிமலை. ஜெனோவாவின் கலங்கரை விளக்கம். தட்டில் ஏதோ கடல் உணவு.

சாம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தான். "அருமையான படங்க அண்ணாச்சி. அந்த மனுசனுக்கு என்ன அடக்கம் பாருங்க. ஒரு படத்துலகூட தன் மூஞ்சியக் காட்டல."

"ஆமாலே" என்றார் நாறும்பூநாதன். "நான் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அன்று மாலையே இருவரும் வல்லிநாயகத்தின் வீட்டுக்குப் போனார்கள். விழா மலருக்குப் படம் எடுக்கச் சாமைத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆகவே வரவேற்பு பலமாக இருந்தது. செம்மல் வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டிருந்தார்.

"கடல்னா என்ன தெரியுமா?" என்று ஆரம்பித்தார். யாருக்கும் தெரியாதென்று அவரே முடிவு செய்துகொண்டு, கால் மணி நேரம் விளக்கினார். கேப்டன் தன்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டதைச் சொன்னார். கப்பல் ஆடியபோது வெள்ளைக்காரர்களே கலங்கிவிட, தான் கலங்காததைச் சொன்னார். தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி இராமலட்சுமி, பேச்சு வெனிஸை நெருங்கியதும் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுப்படியிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

சாம் கேமராவைத் தாழ்த்தினான். "அண்ணாச்சி, பேனர்ல இருக்க அந்தத் தோல் செருப்ப மாட்டிக்கிட்டு வாங்க. படம் எடுப்பா இருக்கும்."

வல்லிநாயகத்தின் காலில் சாதாரண ரப்பர் செருப்பு கிடந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு துயரம் கலந்த பெருமையோடு தலையை ஆட்டினார்.

"அத ஏன் கேக்கிய. ஜெனோவாவுல பெரிய தேவாலயம் ஒண்ணு. ஆயிரம் வருசப் பழசு. வாசல்ல செருப்பக் கழத்திப் போட்டுட்டு உள்ள போனோம். திரும்பி வந்தா என் செருப்பக் காணல. இத்தாலிக்காரன் ஒருத்தன் ஆசப்பட்டு மாட்டிட்டுப் போயிட்டான். போகட்டும், நம்ம ஊருத் தோலு அங்கன நடக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

சாம் மனம் உருகிப்போனான். அவன் போகிற மாதாகோயில் வாசலிலும் செருப்பு மாறிப்போவது உண்டு. சென்ற ஈஸ்டரில் அவனே வேறொருவர் செருப்பில்தான் வீடு வந்தான். "எல்லா ஊர்லயும் இப்படித்தான் இருக்கு அண்ணாச்சி" என்றான்.

தெருவுக்கு வந்ததும் நாறும்பூநாதன் நின்றார். "உன் சித்தி மக ஒருத்தி ரோமாபுரியில கன்னியாஸ்திரியா இருக்கால்லா? அவளுக்குப் போனப் போட்டு ஒண்ணே ஒண்ணு கேளு."

என்ன கேட்க வேண்டும் என்று சொன்னார். சாம் கேட்டான். மறுமுனையில் அந்தச் சகோதரி வெகு நேரம் சிரித்தது நாறும்பூநாதனுக்கே கேட்டது. போனை வைத்தபோது சாமின் முகம் நீளமாகியிருந்தது.

"நாளைக்குக் குற்றாலம் போறோம்" என்றார் நாறும்பூநாதன்.

"குளிக்கவா?"

"செருப்புத் தேட."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவிச் சாலையில் தலையில் ஈரத்துண்டு போட்ட கூட்டம் இரண்டு பக்கமும் நகர்ந்தது. பங்களாக்கள் இருக்கும் பக்கமாக நாலைந்து கடைகளில் விசாரித்த பிறகு, எப்சிபா என்ற பெண்ணின் பஜ்ஜிக் கடைக்கு முன்னால் நாறும்பூநாதன் நின்றுவிட்டார். கடைக் கூரையிலிருந்து ஒற்றைத் தோல் செருப்பு ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பித்தளை வளையம் மழையில் மின்னியது.

"கண்ணு படாம இருக்கக் கட்டுனேன்" என்றாள் எப்சிபா. "எங்க பாஸ்டர்கிட்டச் சொல்லிராதிய."

"யாரு செருப்பும்மா?"

"எதிர்த்த பங்களாவுல புருசனும் பொண்டாட்டியும் ரெண்டு வாரம் போல தங்கியிருந்தாவ. அந்த ஆளு எந்நேரமும் குரங்குக் குல்லா போட்டுக்கிட்டே திரிவாரு. நெசக் குரங்குக்கு அது பிடிக்கல போல. வராந்தாவுல கிடந்த செருப்பத் தூக்கிட்டு மரத்துல ஏறிட்டு. இவரு வாழைப்பழத்தக் காட்டி, 'கீழ போடு ராசா, கீழ போடு'ன்னு அரை நாளு கெஞ்சுனாரு. ஒத்தயத்தான் போட்டுது. ஒத்தச் செருப்ப வச்சு என்ன செய்யன்னு இங்கனயே விட்டுட்டுப் போயிட்டாவ."

சாம் அதைப் பல கோணங்களில் படம் எடுத்தான். செருப்பை விலைக்குக் கேட்டபோது எப்சிபா மறுத்துவிட்டாள். அதைக் கட்டிய பிறகு வியாபாரம் நன்றாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர இரவலுக்கு மட்டும் ஒப்புக்கொண்டாள்.

விழா மண்டபம் நிரம்பியிருந்தது. வல்லிநாயகத்தின் தோளில் பொன்னாடைகள் ஏறி ஏறிக் கழுத்து மறைந்துபோயிருந்தது. முதல் வரிசையில் ஜெயபிரியாவும் அவள் தாய் ஆனந்தவள்ளியும்; பக்கத்தில் இராமலட்சுமி. கடைசி வரிசையில் பாண்டியராஜ் தனியாக உட்கார்ந்திருந்தான். ஜெயபிரியா சொல்லித்தான் வந்திருந்தான். அவன் பக்கத்து நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை.

சாம் செய்த ஏற்பாட்டில், பயணத் துறை அனுபவசாலி என்ற முறையில் வாழ்த்துரை வழங்க நாறும்பூநாதன் அழைக்கப்பட்டார்.

"செம்மல்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டுட்டு வாழ்த்தலாம்னு இருக்கேன்" என்று அவர் மெதுவாகத் தொடங்கினார். "ஜெனோவா தேவாலயத்துல செருப்பக் கழத்துனீங்கள்லா. எங்கன வச்சிய?"

வல்லிநாயகம் அடுத்த மைக்கை இழுத்துக்கொண்டார். "வாசல்லயே செருப்பு ஸ்டாண்டு இருக்கு. டோக்கன் குடுப்பான்."

"எல்லாருமா கழத்துனாவ?"

"பின்ன? வெள்ளைக்காரன் அத்தன பேரும் வெறுங்கால்தான். பக்தின்னா அங்கன பாக்கணும்."

கூட்டத்தில் பாதிப்பேர் பக்தியோடு தலையாட்டினார்கள்.

"நம்ம ஊர்ல கோயிலுக்குப் போனாலும், மாதாகோயிலுக்குப் போனாலும், பள்ளிவாசலுக்குப் போனாலும் செருப்ப வெளிய விடுதோம்" என்றார் நாறும்பூநாதன். "அதனால அவரு சொன்னது நம்ம யாருக்குமே வித்தியாசமாப் படல. ஆனா இத்தாலியில தேவாலயத்துக்குள்ள போறவன் தொப்பியத்தான் கழத்துவான். செருப்ப இல்ல. காலோட போட்டுக்கிட்டுத்தான் உள்ள போவான். அங்கன ஸ்டாண்டும் கிடையாது, டோக்கனும் கிடையாது. ஒரே ஒரு தேவாலயத்துக்குள்ள காலு வச்சிருந்தாலும் இது தெரிஞ்சிருக்கும்."

வல்லிநாயகம் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"முதல்லயே எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. தென்காசியில ஒரு சுவரு விடாம மூஞ்சிய ஒட்டுனவரு, வெனிஸ் வரைக்கும் போயி ஒரு படத்துலகூட மூஞ்சியக் காட்டலன்னா, ஒண்ணு மனசு திருந்தியிருக்கணும், இல்ல வெனிஸ் போயிருக்கக் கூடாது. திருந்துன மாதிரி பேனரு சொல்லல. அப்ப எங்கன இருந்தாரு? ஆளோட ஆளா ஒளியவும் வேணும். பாண்டியராஜ் பள்ளிக்கூடத்துல இருக்க நேரமாப் பாத்து வீட்டுக்கு வந்துட்டுப் போகவும் வேணும். சீசன் நேரத்துக் குற்றாலத்த விட்டா வேற எடம் ஏது?"

சாம் பையிலிருந்து ஒற்றைச் செருப்பை எடுத்து, பாராட்டுக் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"குரங்கு பாதிதான் திருப்பிக் குடுத்துருக்கு" என்றார் நாறும்பூநாதன். "ஊருக்குப் போறவன் நகைய மறைச்சு வைப்பான். இவரு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிட்டு, சாவியக் கையில குடுத்தாரு. காணாமப் போனதும் போலீசே வேண்டாம்னாரு. பாண்டியராஜ்கிட்ட ஒரு சாவி இருந்துச்சு. இத்தாலியில இருந்ததா நாம நெனச்ச இன்னொரு சாவி, இந்தா, அஞ்சு கிலோமீட்டர்ல இருந்திருக்கு."

"இது அவதூறு" என்றார் வல்லிநாயகம். பொன்னாடைகளுக்குள்ளிருந்து குரல் சரியாக வரவில்லை. "லட்சுமி, நீ சொல்லு. கேப்டன் நம்மகூடச் சாப்பிட்டாரா இல்லயா?"

இராமலட்சுமி எழுந்தாள். இத்தனை நாளும் அடுப்படிக்குப் போய் நின்றவள் இப்போது நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"விசா கிடைக்கல" என்றாள். "பேனரு அதுக்கு முன்னாலயே அடிச்சாச்சு. திரும்ப முடியாதுன்னுட்டாவ. அந்தப் பங்களாவுல சன்னலக்கூடத் திறக்கவிடல. அருவி சத்தம் கேக்கும், குளிக்க முடியாது. அடுத்த வருசக் கப்பலுக்கு முன்பணம் கட்டிட்டா இந்தப் பொய்யி நெசமாயிரும்னு சொல்லி, மாலைய எடுத்துச் செங்கோட்டையில அடகு வச்சாவ. பழிய இந்தப் பையன் மேல போடுவாவன்னு எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்ச பிறகும் பேசாம இருந்துட்டேன்."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு மண்டபமே சிரித்தது. விழாக் குழுத் தலைவர் மட்டும் சிரிக்காமல், பட்டயத்தில் பெயரை அழிக்க முடியுமா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

ஆனந்தவள்ளி சிரிக்கவில்லை. மேடையேறி அண்ணனுக்கு முன்னால் நின்றாள். "நாளைக்குக் காலைல செங்கோட்டைக்குப் போறோம். நீ உன் காரை வித்தாவது மாலைய மீட்டுத் தாற. என்ன?"

"சரி" என்றார் செம்மல்.

அவள் படியிறங்கி, கடைசி வரிசை வரைக்கும் நடந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "மாப்ள" என்றாள். கைகூப்பிக் கும்பிட்டாள். பாண்டியராஜ் சட்டென்று எழுந்து அவள் கைகளைப் பிடித்து இறக்கினான்.

"எங்க அண்ணன் செலவுல சமையல் ஆயிருக்கு" என்று ஆனந்தவள்ளி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது. இது இப்ப என் மக நிச்சயத்துக்குப் போடுத பந்தி. தாய்மாமன்தான் முன்ன நின்னு பரிமாறணும், அதான் முறை."

இலை போட்டார்கள். முதல் இலை பாண்டியராஜுக்கு, அடுத்தது ஜெயபிரியாவுக்கு. சாம் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். இந்தப் படங்களுக்குக் காசு வாங்கப்போவதில்லை என்று நாறும்பூநாதனிடம் சொன்னான். வல்லிநாயகம் பொன்னாடையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருமகளின் இலையில் ஊற்றிவிட்டு, பக்கத்தில் மாப்பிள்ளையின் இலையைப் பார்க்காமலே வேகமாகக் கடந்தார்.

அன்று முழுவதும் வாய் திறக்காத பாண்டியராஜ் அப்போதுதான் பேசினான்.

"மாமா, இங்கன பாயசம் வரல."

வல்லிநாயகம் திரும்பி வந்தார்.