பங்குக்கு வந்தவள்

சாப்பாட்டு மேசையின் நடுவில் அந்தப் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. துவைத்த போர்வையை மாமியாரின் அலமாரியில் வைக்கப் போன மருமகள், துணிகளுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தது. முக்கால்வாசி காலி.

"இது என்ன அத்தை?"

கேட்க வேண்டிய கேள்வியா அது? பார்த்தாலே தெரியாதா! மாமியார் தையல் மிஷின் முன்னால் தலை குனிந்துகொண்டாள்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகன் வந்து எட்டிப் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக். எதையும் பழுது பார்த்துவிடலாம் என்று நம்புகிற ஜாதி. பாட்டிலைப் பார்த்தவன், பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். காலமெல்லாம் பஸ் ஓட்டியபோது ஒரு சொட்டு தொடாத மனிதர், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டார். இனி குடித்தால் உயிர் தங்காது என்று டாக்டர் கையை விரித்த அன்றைக்குத்தான் நிறுத்தினார்.

"அம்மா! அப்பாவுக்கு ஒளிச்சு வச்சு ஊத்திக் குடுக்கிறியா? அவரைக் கொல்லப் பாக்கிறியா நீ?"

"பாசமாம் பாசம்! இப்படிப் பாசம் வைக்கிறதுக்கு விஷத்தையே குடுத்திருக்கலாம்," என்றாள் மருமகள்.

மாமியார் மிஷினில் துணியை நகர்த்தினாள். புருஷனுக்கு ஊற்றிக் கொடுத்தவள் என்ற பேர் எவ்வளவோ தேவலை. இந்த வயதில் தானே குடிக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

"சரி, அப்பாவை அக்கா வீட்ல கொண்டு போய் விடறேன். நீ அந்தப் பக்கமே வரக்கூடாது!"

அவர் இல்லாமல் அவள் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனாலும், "சரிப்பா..." என்றாள்.

பேப்பர் கீழே விழுந்தது.

"டேய்... அது எனக்கில்லடா. உங்கம்மாவுக்கு."

"ஐயோ, நீங்க சும்மா இருங்க!" என்று பதறினாள் அவள்.

"சும்மா இருந்துதானே இவ்வளவு தூரம் வந்திருக்கு!" கிழவரின் குரல் உடைந்தது. "அப்பெல்லாம் அவ கொட்டினா நான் திரும்ப வாங்கிட்டு வருவேன். ஒளிச்சா வீடே இடிஞ்சு விழற மாதிரி கத்துவேன். ஒருநாள் எதிர்ல வந்து உக்காந்து, 'எனக்கும் பாதி ஊத்துங்க'ன்னா. அவ குடிச்சா என் பங்கு குறையுமாம்! நான்... நான் சந்தோஷப்பட்டேன்டா! துணைக்கு ஆள் கெடச்சுதேன்னு!"

மூக்கைப் பொத்திக்கொண்டுதான் முதலில் விழுங்கினாள். அவர் பங்கு குறைந்தது. தன் பங்கு எப்போது ஏறியது என்று அவளுக்கே தெரியாது. அவர் நிறுத்திவிட்டார், அவளால் முடியவில்லை. ஒரு வாய் உள்ளே போனால்தான் ஊசியில் நூல் கோக்க முடிந்தது. கை நடுங்குகிறதென்று டாக்டரிடம் போனாள். "வயசானா அப்படித்தாம்மா," என்று சத்து மாத்திரை எழுதினார். குளியலறையில் விழுந்தபோதும் வயசு, சமைத்ததை மறந்தபோதும் வயசு. குடிப்பீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லையே! கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பாளா?

மகன் அப்படியே அவளைக் கட்டிக்கொண்டான். "தெரியாம பேசிட்டேம்மா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா உனக்குத்தானேப்பா அசிங்கம்..."

"எனக்கென்ன அசிங்கம்? சாயங்காலமே வேற டாக்டரைப் பாக்கலாம். எல்லாம் சரியாயிடும்மா."

"நானே ரெண்டு தடவை விட்டுப் பாத்தேன் கண்ணு. உடம்பு ஒத்துக்கல..."

"இப்ப நாங்க இருக்கோம்ல!"

அவளும் அழுதாள். இனி ஒளிக்க வேண்டாம், பழி சுமக்க வேண்டாம். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாட்டிலைத் தூக்கிச் சமையலறைக்குப் போனாள். தொட்டியில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. மாமியாருக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது. மகன் இன்னும் ஏதேதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான், ஒன்றும் காதில் ஏறவில்லை. கிழவர் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மகனின் தோளில் சாய்ந்தபடியே அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கண்ணு... அவ எல்லாத்தையும் கொட்டிட்டாளா?"