பெட்டி பிரிக்காத பொம்மைகள்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை, வெயில் அதற்குள் மண்டையைப் பிளந்தது. கமாலுதீன் ஆட்டோ பிடித்து இரண்டு பெட்டிகளைப் பின்னால் ஏற்றினான். மூன்றாவது ஒரு சின்ன அட்டைப் பெட்டி. அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டான். குவைத்திலிருந்து விமானத்திலும் அது மடியில்தான் வந்தது.

"உள்ள என்னா பாய், கண்ணாடியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பொம்மை."

வீட்டில் குழந்தை எத்தனை என்று அவர் கேட்காமல் விட்டது நிம்மதியாக இருந்தது. ஒரே மகள் ஃபர்ஹானா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அவளுக்கு ஏழு வயது. ஐப்பசி மழையில் உப்பளம் முழுக்க மூழ்கிக் கிடந்தபோது வாய்க்காலில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று போனில் சொன்னார்கள். அவன் அப்போது சவூதி எல்லையில் டிரெய்லர் லாரிகளின் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். முன்னால் நூறு லாரி, பின்னால் நூறு லாரி. அன்று மாலை அஸர் தொழுகைக்கெல்லாம் அடக்கம் முடிந்துவிட்டது. முதலாளியிடமிருந்து பாஸ்போர்ட்டைக் கையில் வாங்க ஐந்து மாதம் பிடித்தது. இனி போவதில்லை என்று வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

உப்பளத்தைப் பார்த்த கடைசி வீடு அவர்களுடையது. கதவைத் திறந்த ஷாகிரா கணவனின் முகத்தைப் பார்க்கும் முன் அவன் கையிலிருந்த பெட்டியைத்தான் பார்த்தாள்.

"இது யாருக்குங்க?" என்றாள்.

கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் கால் தானாகப் பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

கமாலுதீனின் அந்தப் பைத்தியத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. குவைத், தம்மாம், பஹ்ரைன், துபாய் என்று லாரி எங்கே நின்றாலும் அவன் முதலில் விசாரிப்பது பழைய சாமான் சந்தை எங்கே என்பதைத்தான். மற்ற டிரைவர்கள் வெள்ளிக்கிழமை போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். இவன் விடியலில் பஜ்ர் தொழுத கையோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். உடைந்த மிக்ஸி, ஒற்றைச் செருப்பு, யார் வீட்டுக் கல்யாணப் படமோ ஒன்று, இந்தக் குப்பைக்கு நடுவில் எங்கேயாவது ஒரு தகரக் கார் தலையை நீட்டும். அதைக் கண்டதும் கையில் எடுத்துவிடக் கூடாது. பக்கத்தில் கிடக்கும் இஸ்திரிப் பெட்டியை விலை கேட்க வேண்டும். அது சரிப்படாது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, போகிற போக்கில் காரைப் புரட்டி அடியில் ஜப்பான் என்று அச்சு இருக்கிறதா, பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சைத் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே அது வந்த பெட்டி. மூலை மடங்காமல், ஒட்டுப் பிரியாமல் இருந்தால்தான் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நடுவே அதற்கு மரியாதை. "பெட்டியப் பிரிச்சா பொம்மை செத்துப்போச்சும்மா" என்று மகளிடம் வீடியோ காலில் சொல்லியிருக்கிறான். நான்கு வயதில் அவள் அதற்குத் தலையாட்டினாள்.

லீவில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பி, ஊரில் கண்ணாடி அலமாரியில் நாற்பத்து மூன்று பெட்டிகள் சேர்ந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஷாகிரா போனைப் பிடித்து வரிசை வரிசையாகக் காட்டுவாள். அலமாரிக்குப் பக்கத்தில் ஃபர்ஹானா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அவன் முதலில் பெட்டிகளைப் பார்ப்பான். பிறகுதான் பிள்ளையைப் பார்ப்பான். சொல்லவே நாக்கு கசக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது. ஒருமுறை ஒரு பெட்டியின் மூலையில் மடிப்பு தெரிந்தது. "நான் ஊருக்கு வந்தேன்னா தெரியும்" என்றான். அவள் அழவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை.

புதிய பெட்டியை நாற்பத்து நான்காவதாக அவனே அலமாரியில் வைத்தான்.

மூன்றாம் நாள் மதிய லுஹர் தொழுகை முடித்துத் திரும்பினான். உப்பளத்தில் விடியலில் இறங்குகிறவர்கள் பத்து, பதினோரு மணிக்கெல்லாம் கரையேறிவிடுவார்கள். நண்பகலில் அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது. பாத்திகள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தின. காற்றுகூட நின்றுபோயிருந்தது.

கேட்டில் கை வைத்தபோது சத்தம் கேட்டது.

சாவி கொடுத்த தகரப் பொம்மை சிமெண்ட் தரையில் ஓடும் சத்தம். டர்ர்ர் என்று ஓடி, சுவரில் முட்டி, நின்றது. மறுபடி சாவி திருகும் ஓசை. கிர்ர். கிர்ர்.

கேட் கிறீச்சிட்டது.

உள்ளே சின்னப் பாதங்கள் தடதடவென்று ஓடின. அலமாரிக் கதவு சாத்தப்பட்டது.

அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். கூடத்தில் யாரும் இல்லை. ஷாகிரா அடுக்களையில் முதுகு காட்டி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்பத்து நான்கு பெட்டிகளும் அச்சு மாறாமல் இருந்தன. அலமாரிக் கண்ணாடியில் மட்டும் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. தரையில் சக்கரம் போன தடம் வெள்ளையாக நீண்டது. தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. வீடு முழுக்கத் தேங்கிய வாய்க்காலின் வாடை.

"பக்கத்து வூட்டுப் பசங்கள உள்ள வுட்டியா?" என்று கத்தினான்.

ஷாகிரா திரும்பவில்லை. "யாரும் வர்லங்க. அவதான். நீங்க வெளிய போனா வெளாடுவா. இந்த அஞ்சு மாசமா அப்படித்தான்."

"உனக்குப் புத்தி பேதலிச்சிடுச்சா?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். பஹ்ரைன் சந்தையில் மூன்று வெள்ளிக்கிழமை அலைந்து பிடித்த தகரக் கப்பல். பெட்டி கனமே இல்லை. ஓரங்களில் காய்ந்த சோற்றுப் பசை தடவி, கோடு பிசகாமல் ஒட்டியிருந்தது.

"உள்ள ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழம நீங்க பாப்பீங்கன்னு, காலிப் பொட்டிய ஒட்டி வெச்சிட்டுப் போயிருக்கா. வூட்ல வெளாண்டா நான் சொல்லிடுவேன்னு அன்னிக்கு வாய்க்காலுக்குப் போயிருக்கா. உப்பு வார்ற வசந்தாக்காதான் தூக்குனாங்க. கப்பல் பாவாடைக்குள்ள இருந்துச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னா பண்ணியிருப்பீங்க? கப்பல் துரு புடிச்சிடுச்சான்னு கேட்டிருப்பீங்க."

அவன் அடி வாங்கியவனைப் போல உட்கார்ந்தான். அதைக் கேட்டிருக்கவே மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பிறகு எழுந்தான். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாகக் கிழித்தான். நாற்பது, ஐம்பது வருஷப் பழைய அட்டைகள் பொடிந்து உதிர்ந்தன. கார்கள், வாத்துகள், மத்தளம் கொட்டும் குரங்கு, எல்லாவற்றையும் தரையில் பரப்பினான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரே ஒருமுறை அவள் விளையாடுவதைப் பார்த்துவிட வேண்டும்.

"வாம்மா, வந்து வெளாடு. அத்தா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அஸர் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்திருந்தான். ஒரு சக்கரம்கூட அசையவில்லை. பள்ளிவாசலுக்குப் போய் அழுது துஆ கேட்டுவிட்டு வந்தான்.

தரை துடைத்தாற்போல் இருந்தது.

அலமாரியில் நாற்பத்து நான்கு பெட்டிகள்.

கிழிந்த ஒவ்வொரு துண்டையும் சேர்த்து, மூலைக்கு மூலை பொருத்தி ஒட்டியிருந்தது. பசை இன்னும் ஈரமாக இருந்தது. ஷாகிரா சோற்றுப் பானையைக் கொண்டுவந்து காட்டினாள். சோற்றில் ஒரு சின்னக் கை அள்ளிய பள்ளம்.

"நீங்க சோதிச்சுப் பாக்குறீங்கன்னு நெனச்சிட்டா" என்றாள்.

அன்றிரவு அவன் தூங்கவில்லை. மறுநாள் நண்பகலில் கேட்டைச் சத்தமாகச் சாத்திவிட்டுத் தெருக்கோடிவரை போனான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உப்பள வரப்பு வழியாகத் திரும்பி வந்து, பின்பக்க ஜன்னலுக்குக் கீழே பதுங்கினான். கொதிக்கும் மண்ணில் உள்ளங்கால் வெந்தது.

உள்ளே குரங்கு மத்தளம் கொட்டியது. வாத்து ஒன்று தத்தித் தத்திப் போனது.

மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

வெயிலில் கூசிய கண்ணுக்கு முதலில் இருட்டுதான் தெரிந்தது. பிறகு பொம்மைகள் தெரிந்தன. ஒரு கார் தானாகத் தரையைவிட்டு எழும்பியது. அதன் சாவி தானாகச் சுற்றியது. அதற்குக் கீழே தரையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆள் இல்லை.

இன்னும் எட்டிப் பார்த்தான். கம்பியில் நெற்றி இடித்தது.

கார் கீழே விழுந்தது.

அவன் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினான். பொம்மைகள் அப்படியே கிடந்தன. இந்தத் தடவை ஒளித்துவைக்க நேரம் போதவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. ஓடிக் களைத்த குழந்தை, வாயைப் பொத்திக்கொண்டு விடுகிற மூச்சு.

அவன் மண்டியிட்டான். குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஃபர்ஹானா."

மூச்சு நின்றது.

"அத்தா திட்டமாட்டேன் கண்ணு. சத்தியமா."

அவன் காத்திருந்தான். உயிருள்ள பிள்ளையாக இருந்தால் அத்தனை நேரம் அடக்கியிருக்க முடியாது. அந்த மூச்சு திரும்ப வரவேயில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தண்ணீர் மட்டும் மெல்லப் பரவி வந்து அவன் முழங்காலை நனைத்தது. பயந்த குழந்தை இருந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டதைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

அவன் குனிந்து பார்த்தபோது அங்கே ஈரமும் உப்பும்தான் இருந்தன.

வாசற்படியில் ஷாகிரா நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"போயிடுங்க" என்றாள்.

"இனிமே போறதில்லன்னுதானே வந்தேன்?"

"இருந்து என்னா பண்ணப் போறீங்க? நீங்க இந்த வூட்ல இருக்குற வரைக்கும் எம்புள்ள பொட்டிக்குள்ளதான் கெடக்கணும். உயிரோட இருந்தப்பதான் வெளாடல. இப்பயாவது வெளாடட்டுங்க."

"ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போறேன் ஷாகிரா."

"அவளுக்கு உங்களப் பாக்க வேணாங்க." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றை அவன் இன்னும் பிரிக்கவே இல்லை. அதோடு மூன்றரை மணிக்குச் சென்னை பஸ்ஸில் ஏறினான். ஜன்னலில் உப்புக் குவியல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இந்த ஊரில் தனக்கு ஓர் இடம் இருப்பதாக இத்தனை வருஷமும் நம்பியிருந்ததை நினைத்தால் சிரிப்பாக வந்தது. சிரிக்க முடியவில்லை.

கடப்பாக்கம் தாண்டியதும் போன் அடித்தது. ஷாகிரா.

"பஸ் ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டேன். கடப்பாக்கம் தாண்டிட்டேன்."

"சரிங்க."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருந்தது. வீட்டின் மௌனம் கேட்டது. பிறகு, தூரத்தில் இல்லை, போனுக்கு வெகு அருகில், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதைப் போன்ற ஒரு சின்னக் குரல் ரகசியமாகக் கேட்டது.

"அத்தா போயிட்டாங்களாம்மா?"

"போயிட்டாங்க கண்ணு" என்றாள் ஷாகிரா.

அட்டை கிழியும் சத்தம் வந்தது. ஒன்று. இன்னொன்று. பிறகு எண்ண முடியாத வேகத்தில். நடுவே ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது. கமாலுதீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அது தன் மகளுடைய சிரிப்புதானா என்று யோசித்தான். அவனுக்குத் தெரியவில்லை.