சுவரில் போட்ட கோடு

ஏழாம் வகுப்பில் அந்தப் பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஸ்கேல்" என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பின்னே என்ன? மேஜையின் நீளம், தோழியின் மூக்கு, தூங்குகிற பூனையின் வால் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து பார்த்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்களாம்?

மூன்று நாளாக விடாமல் கொட்டிய மழை அன்று காலையில்தான் தூறலாகக் குறைந்திருந்தது. அறிவியல் டீச்சர் இரண்டு மரக்கட்டைகளைச் சேர்த்து வைத்து, மேலே களிமண்ணைப் பரப்பியிருந்தார்.

"இதுதான் பூமியோட மேலோடுன்னு வச்சுக்குங்க. இதை மூணு விதமாப் படுத்தி எடுக்கலாம்" என்றார்.

கட்டைகளை விலக்கினார். களிமண் பிளந்தது. "இது இழுக்குற விசை." நெருக்கினார். களிமண் மடிந்து மேடாக எழுந்தது. "இது அமுக்குற விசை. பெரிய பெரிய மலைத்தொடரெல்லாம் இப்படி எழுந்ததுதான்."

பிறகு களிமண்ணை வழித்துப் புதிதாகப் பரப்பி, குறுக்கே நேராக ஒரு கோடு கீறினார். ஒரு கட்டையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினார். கோடு நடுவில் அறுந்து, பாதி அங்கே, பாதி இங்கே நின்றது. "இது உரசி நகர்த்துற விசை."

"நிஜ பூமி நகருறது எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டாள் ஸ்கேல்.

"நகம் வளர்ற வேகத்துலதான் நகரும். கண்ணுக்குத் தெரியாது. அதனால பிளவுக்குக் குறுக்கே குறி போட்டு வச்சுட்டு, அப்புறம் வந்து பார்ப்பாங்க. குறி விலகியிருந்தா, தரை நகர்ந்திருக்கு."

இடைவேளை மணி அடித்தது. தம்பி மறந்து விட்டுப்போன தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஸ்கேல் ஒன்றாம் வகுப்புக்கு ஓடினாள். தம்பிக்குக் குண்டூசி என்று பெயர். ஆள் அவ்வளவுதான் இருப்பான், ஆனால் குத்துவான்.

அந்த அறை பள்ளியின் கடைசியில், மலைச்சரிவை ஒட்டி இருந்தது. பின்சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை சாய்வாக ஒரு விரிசல். பெயிண்டர் அண்ணன் அதில் பட்டி மாவைப் பூசி மூடிவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்குக் கல்வி அதிகாரி வர்றாராம். அதுக்குள்ள சுவரு கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகணுமாம்" என்றார் அவர்.

"இந்த விரிசல் எப்ப வந்துச்சு அண்ணா?"

"மழையில வந்திருக்கும். எந்தச் சுவர்லதான் விரிசல் இல்ல?"

ஸ்கேலுக்குக் கை பரபரத்தது. பென்சிலை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே நேராக மூன்று கோடுகள் போட்டாள்.

"ஏ பாப்பா! இப்பத்தானே பூசினேன், கொஞ்சம் சும்மா இரேன்!"

"நீங்க மேல பெயிண்ட் அடிக்கத்தானே போறீங்க? மதியம் வரைக்கும் விட்டுவைங்க அண்ணா, ப்ளீஸ்."

மதியம் சாப்பிட்டும் சாப்பிடாமலும் அவள் ஓடிவந்து பார்த்தாள். மூன்று கோடுகளும் நடுவில் அறுந்திருந்தன. இடது பாதி அப்படியே இருக்க, வலது பாதி தீக்குச்சி கனத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

"பட்டி காஞ்சா சுருங்கும், விரிசல் விடும். இருபது வருஷமா பார்க்கிறேன்" என்றார் பெயிண்டர், தட்டிக்கழிக்கும் குரலில்.

"சுருங்கினா நடுவுல பிளக்கும். கோடு ரெண்டும் நேருக்கு நேராத்தானே அண்ணா இருக்கணும்? இது கீழ இறங்கியிருக்கே. சுவரே நகருது."

பெயிண்டர் குனிந்து கோட்டை மறுபடி பார்த்தார். பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் காது வைத்தார். உள்ளே எங்கோ மண் சரசரவென்று உதிரும் சத்தம் கேட்டது.

"வா, பெரிய டீச்சர்கிட்டச் சொல்லுவோம்" என்றார்.

மணி அடித்துவிட்டது. குட்டிப் பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே ஓடி, அந்தச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். குண்டூசி முதல் வரிசையில் இருந்தான்.

பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. காலையிலிருந்து அவர் ஒரு நிலையில் இல்லை.

"என்ன விளையாட்டு இது? அதிகாரி வர்ற நேரத்துல சின்னப் பிள்ளைங்களைத் தூறல்ல நிறுத்தச் சொல்றியா? பென்சில் கோட்டை நம்பியா?"

ஸ்கேலுக்கு அழுகை முட்டியது. கத்தலாமா என்றுகூடத் தோன்றியது. கத்தினால் வெளியேதான் அனுப்புவார்கள்.

"நான் போட்ட கோட்டை நம்ப வேண்டாம் டீச்சர். நீங்களே வந்து ஒரு கோடு போடுங்க. அஞ்சு நிமிஷம் பாருங்க. அது நகரலேன்னா நான் நாள் பூரா முட்டி போடுறேன்."

பெரிய டீச்சர் அவளை முறைத்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். வழியில் அறிவியல் டீச்சரும் சேர்ந்துகொண்டார்.

சுவரில் சிவப்புக் கோடு விழுந்தது. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கோடு அசையவில்லை. பெரிய டீச்சரின் புருவம் மேலே ஏறியது.

நாலாவது நிமிடம் சிவப்புக் கோட்டின் நடுவில் மயிரிழை போல ஓர் இடைவெளி தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது பாதி கீழே இறங்கியது.

"இது பூமிக்குள்ள நடக்கிறது இல்ல, மேல இருக்கிற சரிவு நனைஞ்சு இறங்குது" என்றார் அறிவியல் டீச்சர். "நகம் வளர்ற வேகம் இல்ல இது. உடனே வெளியேறணும்!"

"எல்லாரும் எழுந்திரிங்க!" என்றார் பெரிய டீச்சர். "பையைத் தொடாதீங்க. ஓடாம, வரிசையா வெளிய போங்க."

கதவு பாதியில் இறுகிக்கொண்டு முழுதாகத் திறக்க மறுத்தது. பெயிண்டர் தோளால் மோதித் திறந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்து மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றார்கள்.

பெரிய டீச்சர் எண்ணினார். இருபத்தைந்து. மறுபடி எண்ணினார். இருபத்தைந்துதான், ஒன்று குறைந்தது.

"என் தம்பி!" என்று அலறினாள் ஸ்கேல்.

அவள் கால் எடுப்பதற்குள் பெயிண்டர் பாய்ந்துவிட்டார். உள்ளே குண்டூசி பெஞ்சுக்கடியில் தவழ்ந்து, புதுப் பென்சில் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான். அவனைப் பூசணிக்காயைத் தூக்குவதுபோல் அக்குளில் இடுக்கிக்கொண்டு பெயிண்டர் ஓடிவந்தார்.

மைதானத்தின் பாதியைக் கூட அவர் தாண்டியிருக்க மாட்டார். பின்னால் ஒரு பெருமூச்சு போலச் சத்தம் கேட்டது. சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. அதன் பின்னாலேயே செம்மண் குபுகுபுவென்று நுழைந்து, பெஞ்சுகளையும் பைகளையும் மூடியது.

குண்டூசி ஓவென்று அழுதான். "என் டப்பா!"

ஸ்கேல் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "என்னோடதை எடுத்துக்கடா, எல்லாத்தையும் எடுத்துக்க."

அதே நேரத்தில் அதிகாரியின் வண்டி வாசலில் நின்றது. இறங்கியவர் மண்மேட்டைப் பார்த்து வெலவெலத்துப் போனார். "ஐயோ, பிள்ளைங்க எங்கம்மா?"

"எல்லாரும் இருக்காங்க சார்" என்றார் பெரிய டீச்சர். சொல்லிவிட்டாரே தவிர அவருக்கே நம்பிக்கை வரவில்லை. சேலையெல்லாம் சேறாக, ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். குண்டூசியின் தலையைத் தொட்டபோது இருபத்தாறு ஆனது.

அவர் கை அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற ஸ்கேலின் தலையில் வந்து தங்கியது.

"இருபத்தேழு" என்றார்.