படுதா மறைவிலிருந்து ஒரு குரல்

கல்லூரியின் பழைய கலையரங்கத்துக்குள் குருவி நுழைந்தபோது வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே கண்ணைக் கட்டிவிட்டதுபோல இருட்டு. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். நமுத்த பலகையும் எலிப் புழுக்கையும் சேர்ந்த வாடை மூக்கில் ஏறியது. ஆள் சின்ன உருவம் என்பதால் வந்த பட்டப்பெயர்தான் குருவி. முதல் நாடகத்திலேயே கதாநாயகி வேடம் கிடைத்ததில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல்.

நாடகம் ராகிங் பற்றியது. பல வருடங்களுக்கு முன்னால், சீனியர்களின் கொடுமை தாங்காமல் இதே கல்லூரி விடுதி மாடியிலிருந்து ஒரு மாணவி குதித்துச் செத்தாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவளாக நடிப்பவள் குருவி.

இயக்குநர் கடைசி வருட மாணவன். கோபம் மூக்கு நுனியில். அவன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. வசனம் மறந்தால், பக்கப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குருவியின் தோழி மெல்ல எடுத்துக் கொடுப்பாள்.

"காதுல விழுறத யோசிக்காம அப்படியே சொல்லணும். திருதிருன்னு முழிச்சா வேஷம் வேற ஆளுக்குப் போயிடும்."

அன்றைக்குக் கடைசிக் காட்சி ஒத்திகை. மொட்டைமாடி என்று இரண்டு ஆள் உயரத்துக்குப் பலகை அடித்திருந்தார்கள். மேலே ஏறி நின்றதும் குருவிக்கு வசனம் சுத்தமாக மறந்துபோனது. படுதாப் பக்கம் காதைத் தீட்டினாள்.

"நான் குதிக்கல."

"நான் குதிக்கல" என்றாள் குருவி.

"கையைப் பிடிச்சுத் தள்ளுனாங்க."

அதையும் சொன்னாள்.

இயக்குநர் எழுந்தே விட்டான். "இது நான் எழுதலையே. ஆனா நல்லாருக்கு, இருக்கட்டும்."

அவன் வாயால் பாராட்டு வருவதே அபூர்வம். உச்சி குளிர்ந்துபோய், நன்றி சொல்லப் படுதாவை விலக்கினாள் குருவி. நாற்காலி காலி. தோழி அப்போதுதான் வாசல் வழியாக மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள்.

"சாரிடி, பஸ்ஸு லேட்டு. ஆரம்பிச்சாச்சா?"

அப்படியானால் எடுத்துக் கொடுத்தது யார்? ஆனால் வெளியே சொன்னால், பயந்தாங்கொள்ளி என்று வேடத்தைப் பிடுங்கிவிடுவான். ஆசை யாரை விட்டது? வாயை மூடிக்கொண்டாள்.

நாடக நாளன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. 'தள்ளுனாங்க' என்று குருவி சொன்னதும் முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். பிறகு வரிசை வரிசையாக அழுகை. அதோடு திரை விழ வேண்டும்.

விழவில்லை.

குரல் இப்போது படுதாவிலிருந்து வரவில்லை. பிடரிக்குப் பக்கத்தில், ஈரமண் வாடையோடு வந்தது.

"எனக்கு அழாத கூட்டம் உனக்கு அழுவுது."

வசனமா அது? யோசிக்கும் முன்பே நாக்கு சொல்லிவிட்டது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"திரும்பு."

திரும்பினாள்.

"கால எடு."

வேண்டாம் என்று கத்த நினைத்தாள். கத்தும் குரல் அவளிடம் இல்லை. கால் மட்டும் எழுந்தது. அந்தப் பக்கம் பலகை இல்லை, கீழே சிமெண்ட் தரை.

"குருவி, என்னடி பண்ற?" ஏணியில் தாவி ஏறிய தோழி அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். இருவரும் பலகைமேல் விழுந்தார்கள். அப்போதுதான் திரை விழுந்தது. அதுவும் நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் சாயங்காலம்வரை எதுவும் கேட்கவில்லை. குருவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி மேடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று முடிவுகட்டினாள்.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்: "பசிக்குதாடி? தட்டு வைக்கவா?"

ஆமாம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

பிடரியில் ஈரமண் வாடை.

குருவி உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. அப்படியும் வார்த்தை வெளியே வந்தது.

"இப்ப வேணாம்மா. மொட்டைமாடிக்குப் போறேன்."

கால்கள் படியேறத் தொடங்கிவிட்டன.

"சரி, அப்படியே காஞ்ச துணியை எடுத்துட்டு வந்துடு" என்றாள் அம்மா.